தம்புள்ளையில் வானை நிறுத்தச் சொன்னோம்

யாழ்ப்பாணத்தாருக்குத் தம்புள்ளை ஓர் ஊராக இருந்ததே இல்லை. அது ஒரு தரிப்பு. கண்டிக்குப் போகிற இரவு பஸ் அங்கே நிற்கும். நித்திரை கலைந்தவர்கள் இறங்குவார்கள். ஒரு பிளேன்டீ, ஒரு பணிஸ், கழிப்பறைக்கு ஒரு வரிசை. நடத்துநர் குரல் கொடுத்ததும் ஏறிவிடுவோம். பேராதனையில் படித்த எங்களில் பலருக்கு அந்தச் சந்தியின் கடைகள் அத்தனையும் பழக்கம். கடைகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிப்போம்.

அப்பால் இருப்பது சுற்றுச் சமவெளியிலிருந்து 160 மீற்றர் உயரும் ஒரு பாறை. அதன் வயிற்றில் ஐந்து குகைகள், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சிலைகள், ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பில் ஓவியம். 1991இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியும் அம்பேபுஸ்ஸையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியும் சந்திக்கிற இடம் என்பதால் நாட்டில் பாதிப் பேராவது ஏதோ ஒரு நாள் இந்த ஊரைக் கடந்திருப்பார்கள். இறங்கி நடந்தவர்கள் குறைவு.

நான் இறங்கியதற்குக் காரணம் ரொறொன்ரோவிலிருந்து வந்த சித்தியின் மகள். "அண்ணா, தனி வான், தனிக் கைட் எண்டால்தான் பிள்ளை வருவாள். பஸ்ஸிலை ஏத்தேலாது" என்றாள். போன வருடம் குடும்பமாகக் கரீபியன் கடலில் கப்பல் பயணம் போய், ஒவ்வொரு தீவிலும் துறைமுகத்தில் இறங்கியதும் பெயர்ப் பலகையோடு நிற்கும் ஒருவரின் வாகனத்தில் ஏறி, நகரம் சுற்றிப் பார்த்துப் பழகியவர்கள். அதே வசதி இங்கேயும் வேண்டும் என்று நினைத்ததில் பிழை ஒன்றுமில்லை. வெயிலில் இரண்டு வயதானவர்களும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையும் கூட வரும்போது தனி வான் ஆடம்பரமும் அல்ல.

இலங்கையில் வழிகாட்டிகளுக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. நாடு முழுக்க அழைத்துப் போகக்கூடிய தேசிய வழிகாட்டி, தானே ஓட்டித் தானே விளக்கும் சாரதி வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கு மட்டும் உரியவர், ஒரே ஓர் இடத்துக்கு உரியவர் என்று தரங்கள் உண்டு. எங்களுக்கு வந்தவர் சாரதி வழிகாட்டி. நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சேர்ட், கழுத்தில் அட்டை. 'மொழி: ஆங்கிலம்' என்று பதிவில் போட்டிருந்ததால் ஆங்கிலத்திலேயே வணக்கம் சொன்னார். அட்டையில் இருந்த பெயர் தமிழ்ப் பெயர். நான் கவனித்தேன், கேட்கவில்லை. அவரும் எங்கள் பேச்சைக் கவனித்தார், கேட்கவில்லை. இலங்கையில் இப்படிப்பட்ட மௌனங்களுக்கு எல்லாருக்கும் பயிற்சி இருக்கிறது.

சுற்றுலா நிறுவனங்களின் நிகழ்ச்சி நிரலில் தம்புள்ளை எப்போதும் சிகிரியாவின் வால். காலையில் காசியப்பனின் கோட்டை, மத்தியானச் சாப்பாடு, பிறகு ஒரு மணித்தியாலம் தம்புள்ளை, பின்னேரம் மின்னேரியாவில் யானை. இதைவிட மோசமான ஒழுங்கை யோசித்துக்கூடச் செய்ய முடியாது. மத்தியானத்துக்குப் பிறகு அந்தப் பாறை முற்றம் தகிக்கும். செருப்பைக் கீழே கொடுத்துவிட்டு வெறுங்காலோடு போகிற இடம். காலுறையோடு வருகிற வெள்ளைக்காரர் விஷயம் தெரிந்தவர்கள். மற்றவர்கள் நிழலுக்கு நிழல் துள்ளி ஓடுவார்கள். சிகிரியாவை இன்னொரு நாளைக்குத் தள்ளி, விடிந்த கையோடு ஏறச் சொன்னது எங்கள் வழிகாட்டிதான். அதற்காகவே அவருக்குக் கொடுத்த காசு தகும்.

ஏறும் வழி முழுக்கக் குரங்கு. கையில் தாமரைத் தட்டோடு மெல்ல ஏறும் அம்மாக்கள், தோளில் பிள்ளையோடு அப்பாக்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு வாங்கிய தங்கச்சியின் கணவருக்கு அது கொஞ்சம் உறுத்தியது. "பிறந்தது மானிப்பாய், காசு கனடாக்காரனுக்கு" என்று முணுமுணுத்தபடி ஏறினார்.

முதற்குகை வாசலில் கண்ணை மேலே உயர்த்தினால் பாறையின் நெற்றியில் ஒரு வெட்டு ஓடுவது தெரியும். மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்காகச் செதுக்கிய விளிம்பு. அதற்குக் கீழே பிராமி எழுத்து. உள்ளே 14 மீற்றர் நீளத்தில் பாறையோடு பாறையாகச் செதுக்கிய சயனப் புத்தர். குகையின் நீளம் முழுவதையும் அவரே பிடித்துக்கொள்வதால் நாங்கள் சுவரோரம் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தோம்.

இங்கேதான் வழிகாட்டி தன் பாடத்தைத் தொடங்கினார். அநுராதபுரத்தை ஆண்ட வலகம்பா மன்னன், கிறிஸ்துவுக்கு முன் 103ஆம் ஆண்டளவில் தென்னிந்தியப் படையெடுப்பால் அரியணை இழந்து இந்தக் காடுகளில் ஒளிந்திருந்தான். பதினான்கு வருடத்துக்குப் பிறகு நாட்டை மீட்டுத் தன்னைக் காத்த குகைகளை விகாரையாக்கினான். கணீரென்ற ஆங்கிலம், அளவான நிறுத்தங்கள். எத்தனையோ குழுக்களுக்குச் சொல்லி மெருகேறிய கதை. மகாவம்சம் இதைவிடச் சுவாரசியமாகச் சொல்கிறது. வந்தவர்கள் ஏழு தமிழர். ஒருவன் அரசி சோமதேவியைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டான், இன்னொருவன் புத்தரின் பிச்சைப் பாத்திரத்தோடு போய்விட்டான், மிஞ்சிய ஐவர் ஒருவரை ஒருவர் கொன்று வரிசையாக ஆண்டார்கள். புலகத்தன், பாகியன், பனையமாறன், பிலையமாறன், தாதிகன். பனையமாறன் என்ற பெயரைக் கேட்டால் நம்மூர்த் தபாற்காரர் ஒருவர் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

அரசி சோமதேவியை மன்னன் பிறகு மீட்டுக் கொண்டுவந்தான். நாலாவது குகையின் நடுவே நிற்கிற சின்னத் தாதுகோபத்தில் அவளுடைய நகைகள் இருந்ததாக ஐதீகம். அதை நம்பி யாரோ தாதுகோபத்தை உடைத்தும் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது குகையைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். 52 மீற்றர் அகலம், 23 மீற்றர் ஆழம், முன்பக்கத்தில் 7 மீற்றர் உயரம். உள்ளே போக விதானம் சரிந்து சரிந்து தலைக்குக் கிட்ட வருகிறது. வெளிவெயிலில் இருந்து நுழைந்தவருக்கு முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாக முகங்கள் வரும். நிற்பவர், இருப்பவர், மகர தோரணத்துக்குள் இருப்பவர், அவர்களுக்கு நடுவே வண்ணம் பூசிய விஷ்ணு. ஒரு பக்கம் வலகம்பாவுக்குச் சிலை, இன்னொரு பக்கம் 1190இல் இங்குள்ள புத்தர்களுக்குப் பொன்பூசிய பொலன்னறுவை மன்னன் நிசங்கமல்லனுக்குச் சிலை. விதானத்தில் பாறையின் மேடுபள்ளத்தைச் சமன் செய்யாமல் அதன்மேலேயே வரைந்திருக்கிறார்கள். பாறை புடைக்கிற இடத்தில் மாரனின் படையும் புடைக்கிறது. காற்றில் விரிந்த பட்டுத் துணிக்குக் கீழே நிற்பதாகவே தோன்றும். ஒரு மூலையில் கூரையிலிருந்து துளித்துளியாக நீர் சொட்டி ஒரு பாத்திரத்தில் சேர்கிறது. எந்தக் கோடையிலும் வற்றாது என்பது நம்பிக்கை. நாங்கள் போனது ஓகஸ்ட். குளமெல்லாம் அடி தெரிந்த மாதம். சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் குகையின் சுவரில் இலங்கை வரலாறும் படமாக இருக்கிறது. விஜயன் வந்திறங்குவது, வெள்ளரசு நடுவது, யானைமேல் இரண்டு அரசர்கள் எதிரெதிரே நிற்பது.

"மாமா, இவங்கள் ஏன் சண்டை?" என்றாள் மருமகள்.

துட்டகைமுனுவும் எல்லாளனும் என்றேன். எல்லாளன் யார் என்றாள். தமிழன், நாற்பத்துநாலு வருடம் அநுராதபுரத்தை ஆண்டவன், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவன் என்று அவனைப் பற்றி எழுதியதும் மகாவம்சம்தான். தோற்றவனின் சமாதிக்கு முன்னால் யாரும் மேளம் அடித்துப் போகக்கூடாது என்று வென்றவன் ஆணையிட்டதாக எழுதியதும் அதுதான் என்றேன். வழிகாட்டி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தமிழில் சொன்னார்: "சேர், அடுத்த குகைய நான் தமிழ்லயே சொல்லவா?"

மாத்தளைத் தமிழ். எங்கள் 'வாங்கோ, போங்கோ'வுக்கு எதிரே அவருடைய 'வாங்க, போங்க'. ஆங்கிலத்தில் பாடமாக இருந்தது தமிழில் கதையாக மாறியது.

மூன்றாவது குகை, கண்டியை 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் எடுப்பித்தது. இன்று தம்புள்ளையில் நாம் பார்க்கிற ஓவியங்களில் பெரும்பகுதி அவன் காலத்துப் புதுப்பிப்பு. நீலகம என்ற பரம்பரை ஓவியர்களின் கைவேலை. வாசலுக்குக் கிட்ட மன்னனுக்கே ஒரு சிலை உண்டு. "இவர் யாருன்னு கேட்டா, கண்டி ராஜான்னு சொல்லிட்டுப் போயிருவோம். மதுரைப் பக்கத்து நாயக்கர்னு எல்லாருக்கும் சொல்றதில்ல" என்றார் வழிகாட்டி. உண்மையில் இலங்கைப் பௌத்தம் இந்த நாயக்கருக்குப் பட்ட கடன் பெரிது. 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற பிக்குகளின் முழுத் தீட்சையை மீட்டது இவன் ஆட்சிதான். ஆனால் 1760இல் பிரதானிகளும் பிக்குகளும் சேர்ந்து இவனைக் கவிழ்க்கச் சதி செய்தபோது சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று, அரசன் இன்னும் திருநீறு பூசுகிறான் என்பது. நெற்றியில் நீறும் கையில் விகாரைத் திருப்பணியுமாக ஒருவன் இருந்திருக்கிறான். பக்தர்கள் வரிசை நகர்ந்துகொண்டே இருந்ததால் அவன் முன்னால் நிறைய நேரம் நிற்க முடியவில்லை.

ஐந்தாவது குகையில் சிலைகள் செங்கல்லும் சாந்தும். விரைவாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம்.

முற்றத்திலிருந்து பார்த்தால் தூரத்தில் சிகிரியா. இன்னொரு திசையில் கண்டலம குளம், அதன் கரையில் காட்டுக்குள் புதைத்தது போல ஜெப்ரி பாவா கட்டி 1994இல் திறந்த ஹோட்டல். கட்டும்போது தம்புள்ளைப் பிக்குகளும் சூழல் இயக்கங்களும் எதிர்த்தார்கள். இன்று கொடி படர்ந்து கட்டடமே தெரியாமல், பாராட்டு மட்டும் தெரிகிறது. இன்னொரு குளத்தோரம் கிரிக்கெட் மைதானம். 167 நாட்களில் கட்டியது என்றார் வழிகாட்டி. தங்கச்சியின் கணவருக்கு அதுவரை வராத உற்சாகம் வந்தது. 2010இல் இங்கேதான் ஆசியக் கிண்ணம் முழுவதும் நடந்தது. அதே வருடம் சேவாக் 99இல் நிற்கும்போது வேண்டுமென்றே நோ-போல் போட்டதும் இங்கேதான். குகை ஓவியத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் அதைப் பற்றிக் கதைத்தார்.

கீழே ஊரைக் காட்டி, "அங்க ஒரு பள்ளிவாசல் இருக்கு" என்றார் வழிகாட்டி, விரலை நீட்டாமல். 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. விகாரையின் புனித பூமிக்குள் இருக்கிறது என்று சொல்லிப் பிக்குகள் முன்னின்ற கூட்டம் ஹைரியா ஜும்மா பள்ளிவாசலுக்குள் புகுந்தது. அதே காரணத்தால் பக்கத்தில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களின் பத்திரகாளி அம்மன் கோவில் 2013 அக்டோபர் கடைசியில் இடிக்கப்பட்டது. "நா அந்தக் கோயில்ல கற்பூரம் கொளுத்தியிருக்கேன் சேர்" என்றார். இரண்டாவது குகையில் விஷ்ணுவுக்கும் ஐந்தாவதில் கதிர்காமத் தெய்வத்துக்கும் இடம் கொடுத்த பாறை இது. அதன் அடிவாரத்தில் ஓர் அம்மனுக்கு இடம் இல்லாமற் போனதைப் புனிதம் என்ற சொல்லால் மூட முடியாது. இதை வழிகாட்டி சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது.

இறங்கும்போது இன்னொன்று சொன்னார். 1848 ஜூலை 26ஆம் திகதி கொங்காலேகொட பண்டா என்பவருக்கு இந்த விகாரையில்தான் முடிசூட்டினார்கள். துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, போதாததற்கு வீதி போட ஆளுக்கு இத்தனை நாள் கட்டாய வேலை என்று ஆளுநர் டொரிங்டன் போட்ட சட்டங்களுக்கு எதிராக எழுந்த மாத்தளைக் கிளர்ச்சி. சில நாட்களில் அடக்கிவிட்டார்கள். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்புவைக் கண்டியில் சுட்டார்கள். பண்டாவை மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள். வீதி யாருக்காக? கோப்பித் தோட்டங்களுக்காக.

சந்தையைத் தங்கச்சி நிரலிலிருந்து வெட்டப் பார்த்தாள். வெட்டாமல் விட்டது நல்லது. மருமகளுக்கு அன்று முழுவதும் பிடித்த இடம் அதுதான். 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம்: நாட்டின் மரக்கறி விலையை இரவோடிரவாகத் தீர்மானிக்கிற இடம். நுவரெலியாக் கரட்டும் லீக்ஸும் தெற்கிலிருந்து வரும், வடக்கிலிருந்து பூசணியும் பப்பாசியும் சின்ன வெங்காயமும் வரும், இந்த மாவட்டத்துப் பெரிய வெங்காயம் ஓகஸ்டில் மலைமலையாகக் குவியும். லொறி பின்பக்கமாக வந்து கடைவாசலில் முட்டி நிற்கும். மூட்டையை முதுகில் போட்டு அரைவாசி குனிந்து ஓடுகிற நாட்டாமிகளுக்கு வழிவிடாவிட்டால் ஏச்சு மூன்று மொழியிலும் விழும். கடைக்காரர் கொமிஷன் வைத்து விற்பார். காலையில் சொன்ன விலை மத்தியானத்தில் இருக்காது. விற்காத கோவா பின்னேரம் குப்பையில், அதைத் தின்ன மாடு. கிளிநொச்சியிலிருந்து பூசணி ஏற்றிவந்த ஒரு லொறிக்காரர் எங்களைக் கண்டு, "தமிழாக்களே? உங்கை என்ன பாக்கிறியள், நல்ல இடமெல்லாம் மேலை இருக்கு" என்று மலையைக் காட்டினார். அங்கிருந்துதான் வருகிறோம் என்றோம். தான் இன்னும் ஏறவில்லை என்றார்.

இப்பன்கட்டுவ அங்கிருந்து சில நிமிடம். மரநிழலில் கற்பலகைகளை நாலு பக்கமும் நிறுத்தி மேலே மூடிய கல்லறைகள். கிறிஸ்துவுக்கு முன் 700 முதல் 450 வரையான காலத்தவை. பௌத்தம் இந்தத் தீவுக்கு வருவதற்கு முன்பு செத்தவர்கள். தாழியும் சாம்பலும் கார்னீலியன் மணிகளும் எடுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெருங்கற்காலப் புதைகுழிகளைப் பார்த்தவருக்கு இந்த அமைப்பு அந்நியமாக இராது. அந்த மணிகளின் கல்லும் கடல் கடந்து வந்தது. அவர்கள் சிங்களவரா தமிழரா என்று கேட்பது அர்த்தமில்லாத கேள்வி. ஆனால் இரண்டு பக்கமும் கேட்காமல் விடுவதில்லை.

வானில் ஏறியதும் தங்கச்சி, "தம்பி, உங்கட ஆக்கள் எப்ப மாத்தளைக்கு வந்தவை?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் வேகத்தைக் குறைத்தார்.

"இந்த ரோட்டாலதான் மேடம் வந்தாங்க. நடந்து."

1820களில் கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணி திரட்டிய கூட்டங்கள் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கும். அங்கிருந்து மாத்தளைக்கு 150 மைல் அளவு, காட்டுக்குள்ளால் நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா. வாந்திபேதி, காய்ச்சல், தண்ணீர்த் தட்டு. விழுந்தவரைப் பாதையோரம் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை பேர் என்று கணக்கு வைத்தவர் இல்லை. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்த பிறகு வந்தவர்களுக்கு இந்தக் காடு இல்லை. நடந்து பிழைத்தவர்கள் மாத்தளையில் கும்பிட்ட மாரிக்குத்தான் இன்று அங்கே பெருங்கோபுரம் நிற்கிறது. 1983இல் எரிந்து மீண்ட கோவில். 2023இல், வந்து இருநூறு வருடமானதை நினைத்து, ஜூலை 28 தொடக்கம் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் அதே தடத்தில் நடந்தார்கள். தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரை தானும் நடந்ததாகச் சொன்னார் வழிகாட்டி. அந்தக் கிழமை வந்த இரண்டு 'புக்கிங்'கை வேண்டாம் என்று விட்டாராம்.

"இதை ஏன் காலமை சொல்லேல்லை?"

"கேட்டா சொல்லுவோம் மேடம். ஜெர்மன்காரங்க யானை கேப்பாங்க. இந்தியாக்காரங்க இராவணன் கேப்பாங்க. இத யாரும் கேக்கிறதில்ல."

தங்கச்சிக்குக் குவாதலூப் நினைவு வந்தது. கப்பல் அங்கே நின்றபோது எடுத்த தனிச் சுற்றுலாவில், புவான்த்-ஆ-பித்ர் நகரத்துக் கறுப்பின வழிகாட்டி முதலில் கூட்டிப்போனது கடற்கரைக்கு அல்ல. தார்புசியே சீனி ஆலை இருந்த நிலத்தில் 2015இல் திறந்த அடிமை வரலாற்று நினைவகத்துக்கு. "இது என் பாட்டியின் பாட்டி கதை" என்று தொடங்கினாராம். இவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே கப்பெஸ்தேர் பக்கம் வாகனத்தைத் திருப்பி, ஷாங்கியில் இருக்கிற தமிழ்க் கோவிலையும் காட்டினாராம். 1854இல் 'ஒரேலி' என்ற கப்பலில் தொடங்கி 1889 வரை சுமார் 42,000 இந்தியர் அந்தத் தீவின் கரும்புக்குப் போனார்கள். அவர்களில் பலர் காரைக்கால், புதுச்சேரி வழியாகக் கப்பலேறிய தமிழர். மன்னாருக்குத் தோணி ஏறியவர்களின் அதே பஞ்சம்தான் இவர்களையும் துரத்தியது. "அங்கை அவங்கள் தாங்களாச் சொல்லுறாங்கள் அண்ணா" என்றாள். அந்த நகரத்தில் அரசு காசு போட்டு நினைவகம் கட்டியது. ஏ9 வீதியில் அப்படி ஒரு கட்டடம் இருந்தால் எங்கள் வழிகாட்டியின் நிரலிலும் அது காலை ஒன்பது மணிக்கு இருந்திருக்கும்.

நிரலில் பின்னேரத்துக்கு ஒரு 'கிராமத்துச் சவாரி' இருந்தது: மாட்டுவண்டி, படகு, வாழையிலைச் சாப்பாடு. அதை விட்டுவிட்டுத் தெற்கே திரும்பச் சொன்னோம். தனி வானின் உண்மையான வசதி குளிரூட்டி அல்ல, இதுதான். நாவுல தாண்டி நாலந்தா கெடிகே. மாமல்லபுரத்தைப் பார்த்த கண்ணுக்குப் பல்லவர் வேலை என்றே படும் கற்கோவில், ஆனால் பௌத்தத் தலம். போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல்கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். எங்களைத் தவிர யாரும் இல்லை. மருமகள் படிக்கட்டில் இருந்து தொலைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கி, மன்னாரிலிருந்து விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி ஏற்கனவே பேரம் பேசத் தொடங்கியிருந்தாள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை, அந்த வீதியை மட்டும் ஒரு சுற்றுலாவாகச் செய்தால் எவ்வளவு? ரொறொன்ரோவில் அவளுக்குத் தெரிந்த சில குடும்பங்கள் வரும்.

வழிகாட்டி கொப்பியை எடுத்தார். மன்னாரில் ஒரு இரவு. மதவாச்சியில் மத்தியானச் சாப்பாடு, அங்கே நல்ல கடை ஒன்று இருக்கிறது. மிகிந்தலையில் ஒரு இரவு, தம்புள்ளையில் ஒரு இரவு. கடைசி நாள் மாத்தளைக் கோவில், அவருடைய அம்மா வீட்டில் சாப்பாடு. அதற்குக் காசு வேண்டாம். மாசி மகத்துக்கு வந்தால் அஞ்சு தேரும் பார்க்கலாம்.

"கொஞ்சத் தூரமாவது நடக்கலாமே?" என்றாள் தங்கச்சி.

"தம்புள்ளையிலிருந்து நா நடந்தப்பவே கால் ரெண்டும் கொப்புளம் மேடம்" என்றார். "நீங்க வான்லயே வாங்க. நான் மெதுவா ஓட்டுறேன்."